சாமியாத்தாள் திருப்பித் தராத ஒரு நாள் ஏர்

எந்த மானாவாரிக் காட்டைத் தாண்டினாலும் சாமியாத்தாள் குனிந்து ஒரு பிடி மண் எடுப்பார். உள்ளங்கையில் வைத்து ஊதுவார். மண் பறந்தால் முகம் சுளித்துக் கொட்டிவிடுவார். நான் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து வேளாண்மைக் கல்லூரியில் படித்து முடித்த நாள் வரை அந்தப் பழக்கம் மாறவில்லை. ஊர் சிரித்தது. நானும் சிரித்திருக்கிறேன்.

அவிநாசிக்கு மேற்கே, ஊரின் மேற்குப் புறத்தை ஒட்டி, எங்கள் காடும் அவர் காடும் அடுத்தடுத்து இருந்தன. கணவர் போனபின் ஏரின் மேழியைத் தாமே பிடித்தார். பெண் பிடித்தால் மழை பொய்க்கும் என்றவர்களிடம், "நீங்க புடிச்ச வருசமெல்லாம் பேஞ்சு தள்ளிருச்சுங்களா?" என்று கேட்டாராம்.

1961 சித்திரையில் பட்டத்தோடு வந்த நான், கோடை உழவின் நன்மைகளை அப்பாவிடம் சொல்லி, வாடகை டிராக்டரில் எட்டு ஏக்கரையும் இரண்டு முறை ஓட்ட வைத்தேன். கோடை மழை வரவில்லை. ஆனியில் மேற்கிலிருந்து பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்தது. மாவாகக் கிடந்த செம்மண் பதினெட்டு நாள் ஊருக்குள் இறங்கியது. சோறு நறநறத்தது. சாமியாத்தாளின் மகள் ராசாத்தாளுக்குச் சிறு வயதிலிருந்தே மூச்சிழுப்பு. அந்த ஆனியில் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே கிடந்தாள். கோவை ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டினார்கள். பிழைத்தது பெரிது.

அடுத்த சித்திரையில் டிராக்டர் கிடைக்கவில்லை. அப்பா பொங்கியண்ணன் சாமியாத்தாளிடம் ஏர் கேட்டார். எங்கள் ஊரில் ஏருக்கு ஏர்தான் கூலி. முந்தைய விதைப்பில் எங்கள் மாடுகள் அவர் காட்டில் ஒரு நாள் உழுதிருந்தன. அதைத் திருப்ப மாட்டை ஓட்டி வந்தவர், வரப்பில் நின்று மண்ணை ஊதினார். மாட்டைத் திருப்பினார்.

"ஏனுங்கக்கா, சகுனம் சரியில்லீங்களா?" என்றார் அப்பா.

"சகுனமெல்லாம் நல்லாத்தான் இருக்குது தம்பி. ஈரந்தான் இல்ல. அறுத்த சோளக்கட்டை மண்ணைப் புடிச்சுட்டு நிக்குது. அதையும் பேத்துப்போட்டா ஆனியில எம்புள்ள மூச்சுக்கு எங்க போவா? மழை பேயட்டும், வாரேன்."

"படிச்ச பையன் சொல்றானுங்க."

அவர் என்னைப் பார்த்தார். "காத்து எந்தப் பக்கமிருந்து வருதுன்னு அந்தப் பாடத்துல இருந்துச்சா கண்ணு?"

இருந்ததா? நினைவில்லை.

"ஏரைத் திருப்பாதவங்க காட்டுக்கு இனி ஒரு ஏரும் வராதுங்க" என்றார் அப்பா.

"வரவேண்டாம். கடன்காரின்னு சொல்லிக்குங்க. இல்லைங்கல."

எங்கள் ஒரு சோடி மாட்டால் பாதிக் காட்டைத்தான் உழ முடிந்தது. ஆனியில் வரப்பில் நின்று பார்த்தேன். உழுத பாதியிலிருந்து தூசி கிளம்பியது. கட்டை நின்ற பாதியும் சாமியாத்தாள் காடும் அசையவில்லை. அப்பாவிடம் சொன்னேன். "அந்தப் பாதியில கோரை மண்டிக் கிடக்குது, அதையும் பாரு" என்றார். அதுவும் உண்மைதான். ராசாத்தாளுக்கு இழுத்தது. ஆனால் வண்டி கட்ட வேண்டியிருக்கவில்லை.

மழை பெய்த மறுநாள் காலை சாமியாத்தாள் மாட்டோடு எங்கள் வாசலில் நின்றார். "ஈரம் வந்துருச்சு தம்பி."

"கேட்ட நாள்ல வராத ஏரு எனக்கு வேண்டாமுங்க."

தன் காட்டில் ஒற்றை ஏராக உழுதார். ஒருவரும் உதவிக்குப் போகவில்லை. ஈரம் காய்வதற்குள் பாதிதான் விதைக்க முடிந்தது. நானும் போகவில்லை. அப்பாவுக்குப் பயந்தேனா, என் பட்டத்துக்கு வெட்கப்பட்டேனா, இன்றும் தெரியவில்லை.

ஒவ்வொரு மழைக்கும் வந்து நின்றார். ஒவ்வொரு முறையும் அப்பா வேண்டாமென்றார். காய்ந்த மண்ணில் மட்டும் அவர் ஏர் கடைசிவரை இறங்கவில்லை.

1965 தையில் இறந்தார். துக்கத்துக்குப் போன அப்பா ராசாத்தாளிடம், "உங்கம்மா எனக்கு ஒரு நாள் ஏர் பாக்கி அம்மணி" என்றார்.

"தெரியுமுங்க மாமா. ஈரமிருந்தா வாரனுங்க."

அந்த வருடம் மழை இல்லை. பிறகு மழை பெய்த வருடங்களில் எங்கள் காட்டில் டிராக்டர்தான் ஓடியது. அந்த ஒரு நாள் இன்னும் அப்படியே நிற்கிறது.