எந்த வரி

நூலகத்தில் எல்லோருக்கும் அவர் ரப்பர் சார். திரும்பி வரும் புத்தகங்களில் பென்சில் கோடுகளை அழித்து, தூளை ஊதிவிட்டு, அலமாரிக்கு அனுப்புவது அவர் வேலை. பேனாவால் யாராவது கிறுக்கியிருந்தால் அன்றைக்கெல்லாம் முகம் கொடுத்துப் பேச மாட்டார். அடுத்தவன் எச்சில் தட்டில் சாப்பாடு போட்ட மாதிரி இருக்கிறது என்பார். அழிக்கிற எதையும் படிக்கவும் மாட்டார். படித்தால் கை நின்றுவிடுமாம்.

அவருக்கென்று வாய்த்த மனைவியோ கோடு போடாமல் ஒரு பக்கம் புரட்ட மாட்டாள். கல்யாணமான புதிதில் இதற்காகவே வீட்டில் பேச்சு வார்த்தை நின்றதுண்டு. "நான் படிச்சேன்னு புத்தகத்துக்குத் தெரிய வேண்டாமா?" என்பாள். கடைசியில் ஒரு சமரசம்: சொந்தப் புத்தகத்தில் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும், பேனா மட்டும் கூடாது. அவளும் வாக்குத் தவறவில்லை. சாப்பிட்டு முடித்ததும் கோடு போட்ட இடங்களையெல்லாம் அவருக்குப் படித்துக் காட்டுவாள். அவர் கண்ணை மூடிக் கேட்பார். "தூங்கிட்டீங்களா?" என்று நடுவில் ஒரு குத்து விழும்.

ஆஸ்பத்திரியிலும் ஒரு நாவலை வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். படித்துக் காட்டத்தான் மூச்சு போதவில்லை. அவள் போன பிறகு அந்தப் புத்தகத்தைக் காணோம். வீட்டையே தலைகீழாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, அவர் அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்.

ஒரு நாள் நூலகத்தில், வாசல் மேசையில் இருக்கும் பெண், சம்பள உயர்வு வருமா வராதா என்று பேசிக்கொண்டிருந்தாள். அவர் உம் கொட்டியபடி, பழுப்பு அட்டை போட்ட ஒரு புத்தகத்தை அழித்துக்கொண்டிருந்தார். பக்கம் பக்கமாகக் கோடு. "எந்தப் புண்ணியவானோ" என்று முணுமுணுத்தார். ஒரு பக்கத்தில் கோட்டை அழித்துவிட்டு, ஓரத்தில் இருந்த குறிப்பில் ரப்பரை வைத்தார். பாதி போனது. மீதி எழுத்தின் வளைவில் கண் பட்டது.

'...படிச்சுக் காட்டணும்.'

கை நின்றது. அட்டையைப் பிரித்தார். அவள் புத்தகம்.

"இது யார் குடுத்தது?"

"காலையில ஒரு அம்மா வந்தாங்க சார். ஆஸ்பத்திரியில பக்கத்து பெட்ல இருந்தாங்களாம். படிக்க வாங்கிட்டுப் போனதாம், உங்ககிட்ட சேர்க்கச் சொன்னாங்க. நான் நம்ம நூலகப் புத்தகம்னு நினைச்சு, திரும்பி வந்த கட்டுல வச்சுட்டேன்." அவர் முகத்தைப் பார்த்ததும் அவள் எழுந்துவிட்டாள். "என்ன சார், என்ன எழுதியிருந்துச்சு?"

"படிக்கலையே."

முன்பக்கங்களைப் புரட்டினார். எல்லாம் புதுப் புத்தகம் போல வெளுத்துக் கிடந்தன. மேசையில் இருந்த தூளைக் கையால் குவிக்கப் போனார். எது யாருடைய கோட்டின் தூள் என்று யார் கண்டது? பின்பக்கங்களில் பென்சிலே பட்டிருக்கவில்லை. அவள் கடைசியாகக் கோடு போட்ட பக்கம் இதுதான். படித்துக் காட்ட நினைத்தது எந்த வரியை? மேலே உள்ளதா, கீழே உள்ளதா? ஒரு தடமும் இல்லை. அவ்வளவு சுத்தமாக அழித்திருந்தார்.

ரப்பரை மேசை இழுப்பறையில் போட்டு மூடினார். பிறகு அந்தப் பக்கத்தின் முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார். செருப்புச் சத்தத்துக்கே முறைக்கிற மனிதர். வாசகர்கள் ஒவ்வொருவராகத் தலை தூக்கினார்கள். ஒருவர் "ஷ்" என்றார். வாசல் மேசைப் பெண் அவரைக் கையமர்த்தினாள்.

அவர் ஒரு வரி விடாமல் படித்தார்.