மடியில் ஐந்து புளியங்கொட்டை

எனக்கு அப்போது மூக்குக்கு மேல் கோபம் வரும். இருபத்து நாலு வயது, ஒடுகத்தூர்க்காரன், சவ்வாது மலைக்கு ரோடு போடும் வேலையில் ஓவர்சியர். தலையில் ஒரு தொப்பி, கையில் ஒரு அளவு நாடா, அவ்வளவுதான் உத்தியோகம். ஆனால் அந்த மலையையே நான்தான் குடைந்துகொண்டிருக்கிறேன் என்று நினைப்பு.

பாறையை உடைக்க வேட்டு வைப்போம். சம்மட்டியால் அடித்துக் குழி போட்டு, மருந்தைக் கெட்டித்து, திரி சொருகி, கொளுத்திவிட்டு ஓடி ஒளிய வேண்டும். ஐந்து குழி என்றால் ஐந்து சத்தம் கேட்க வேண்டும். நாலுதான் கேட்டது என்றால் ஒரு வேட்டு வெடிக்காமல் உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு அந்தப் பக்கம் யாரும் தலைவைத்துப் படுக்கக் கூடாது.

எங்கள் வேட்டுக்காரன் மலைக்காரன்தான். கொளுத்திவிட்டு ஓடிவந்து பதுங்கி, இரண்டு காதையும் பொத்திக்கொள்வான். எண்ணுவது அவன் பெண்சாதியின் வேலை. எத்தனை குழியோ அத்தனை புளியங்கொட்டையை மடியில் போட்டுக்கொள்வாள். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு கொட்டையை எடுத்து முன்னால் எறிவாள். மடி காலியானதும் எழுந்து நின்று சேலையை உதறிக் காட்டுவாள். எல்லாம் வெடித்துவிட்டது, வரலாம் என்பதற்கு அதுதான் எங்களுக்கு அடையாளம். விதிப் புத்தகத்தில் இப்படி ஒன்று கிடையாது. ஆனாலும் நான் வந்த நாளிலிருந்து ஒருவருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை.

அவள் அப்போது ஏழு மாசம் முழுகாமல் இருந்தாள். நான் வேறு கேலி பண்ணுவேன். "இன்னாமா, வாய்க்கு ருசியா இருக்குன்னு கொட்டைய தின்னுட்டு எண்ணிக்கைய கோட்டை வுட்டுடப் போற."

"வறுத்தாத்தான் திம்பாங்க, சாமி" என்பாள், சிரிக்காமல். சிரிப்பெல்லாம் கண்ணில் இருக்கும்.

அவள் வழக்கமாகக் குந்தும் இடம் கீழ் வளைவில், ஒரு குண்டுக்கல்லுக்குப் பின்னால். பொட்டு நிழல் கிடையாது. அன்றைக்குச் சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் அங்கே போய்க் குந்தியதைப் பார்த்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை.

"ஏம்மா, ஓடைக்கு அந்தாண்ட பெரிய பாறை இருக்குதே, அங்க போயி நெழல்ல குந்து."

"இங்கியே பழக்கம் சாமி."

"பழக்கமாவது கிழக்கமாவது! சொன்னா கேக்க மாட்டியா? போம்மா."

எழுந்து போனாள். வெட்டிக்கொண்டிருந்த முகப்புக்கு நேர் எதிரே, ஓடையைத் தாண்டி, சுவர்போல நிமிர்ந்து நின்ற பாறை அது. அதன் காலடியில் நிழல் குளுகுளுவென்று இருந்தது. நல்ல காரியம் செய்தோம் என்ற திருப்தியோடு நான் மேலே கூடாரத்துக்குப் போனேன்.

ஐந்து குழி. சத்தங்கள் கேட்டன. நான் எண்ணவில்லை. எண்ணுவதற்குத்தான் ஆள் இருக்கிறதே. எட்டிப் பார்த்தபோது அவள் எழுந்து சேலையை உதறிக்கொண்டிருந்தாள். புருஷன் கடப்பாரையோடு ஏறிப் போனான். உடைந்த கல்லை நெம்பினான். ஐந்தாவது வேட்டு அப்போதுதான் வெடித்தது.

உயிர் போகவில்லை. அதற்கே கோயிலில் தேங்காய் உடைக்க வேண்டும். முகமெல்லாம் கல் சிதறிய காயம், இரண்டு காதிலும் ரத்தம். கயிற்றுக் கட்டிலில் தூக்கிவந்து, கல் ஏற்றும் லாரியில் வேலூருக்குக் கொண்டுபோனோம். ஒரு மாசம் கழித்துத் திரும்பி வந்தான். காயம் ஆறியிருந்தது. காது மட்டும் சுத்தமாக அடைத்துப்போயிருந்தது. இடி இடித்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டான்.

விபத்து நடந்த இரண்டாம் நாளே பெரிய அதிகாரி ஜீப்பில் வந்தார். விசாரணை என்று பெயர். நாலு கேள்வி, ஒரு சிகரெட். "பொம்பளைக்கு எண்ணத் தெரியல. எழுதிட்டுப் போய்யா" என்றார். படிவத்தில் 'விபத்துக்குக் காரணம்' என்று ஒரு கட்டம். ஒரு மனுஷனின் காது போயிருக்கிறது, அதற்கான காரணத்தை எழுத ஒரு விரல்கடை இடம்! நானும் எழுதினேன்: 'எண்ணிக்கை வைத்த கூலிப்பெண்ணின் கவனக்குறைவு.' எழுதி முடித்ததும் மனசு லேசானது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கைரேகை வைக்க அவளைக் கூப்பிட்டேன். கட்டைவிரலை நீட்டினாள். மையைத் தடவும்போது சொன்னாள்:

"அஞ்சு வந்துச்சு சாமி. நானா போடல. சத்தம் வந்துச்சு, போட்டேன்."

"பின்ன வெடிக்காததுக்கு எப்டிம்மா சத்தம் வரும்?" என்று எரிந்து விழுந்தேன். ரேகை வைத்துவிட்டு, விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனாள்.

அவள் வீட்டுப் பக்கத்துப் பெண்கள் வேலைக்கு வருவார்கள். அவர்கள் மூலம்தான் மற்றது எனக்குத் தெரியும். புருஷனின் காதைப் பறித்தவள் என்று ஊரே பேசியதாம். மாமியார் முகம் கொடுக்கவில்லையாம். அவள் எதையும் எண்ணுவதையே விட்டுவிட்டாளாம். சாமையைப் படியில் அளக்கக்கூட அடுத்த வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுகிறாள் என்றார்கள். ஊர் பேசியதை எல்லாம் தாங்கிக்கொண்டாள். புருஷன் என்ன நினைக்கிறான் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியவேண்டும். அவனோ ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவள் கேட்டால் அவனுக்குக் கேட்காது.

அவள் தூங்கிவிட்டாள் என்பதுதான் என் கட்சி. அதை நிரூபித்துவிட்டால் எனக்கும் நிம்மதி என்று ஒரு நாள் ஓடையைத் தாண்டி அந்தப் பாறைக்குப் போனேன். அவள் குந்திய இடத்துக்கு முன்னால் புளியங்கொட்டைகள் கிடந்தன. பொறுக்கினேன். ஐந்து. ஒவ்வொன்றும் சாண் இடைவெளியில், நிதானமாக எறிந்த மாதிரி. தூங்கி விழுந்தவள் இப்படி எறிந்திருப்பாளா? கொட்டைகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

புதிய வேட்டுக்காரனை வைத்து வேலை மறுபடி தொடங்கியபோது அதே ஐந்து கொட்டையோடு அங்கே போய்க் குந்தினேன். அன்றைக்கும் ஐந்து குழிதான். திரி புகைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, எறிந்தேன். ஐந்து, எறிந்தேன். கை காலி. காலியான கையோடு உட்கார்ந்திருக்கும்போதே ஆறாவதாக ஒன்று கேட்டது, சந்தேகமே இல்லாமல், அசல் வேட்டுச் சத்தம்.

வெடிக்காமல் போனது ஏதாவது வெடித்ததோ என்று அலறிக்கொண்டு கீழே ஓடினேன். கீழ் வளைவில் எண்ணிக்கொண்டிருந்த ஆள் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "அஞ்சுதான்ங்க. இன்னா ஆச்சு உங்களுக்கு?" என்றான்.

முகப்பின் ஓரத்தில் போடும் குழி மட்டும் அந்தப் பாறையைப் பார்த்து வெடிக்கும். அந்தச் சத்தம் பாறையில் மோதி, முகப்புக்குப் போய் மறுபடி திரும்பி, இன்னொரு வேட்டைப்போலக் கேட்கும், பாறையடியில் குந்தியவர்களுக்கு மட்டும். அவளுக்கு அன்றைக்கு நாலு வேட்டோடு எதிரொலி ஒன்று சேர்ந்து ஐந்து.

என்னிடமிருந்த பழைய ரிப்போர்ட் நகலைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன், கட்டத்துக்கு வெளியே, இரண்டு பக்கம். அதிகாரி படித்துவிட்டு, "இன்னாய்யா, பாறை மேல பழி போடறியா?" என்றார். அவரையும் இழுத்துக்கொண்டுபோய் நிழலில் குந்தவைத்தேன். எண்ணினார். எழுந்தார். ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு போனார். எண்ணும் இடம் மாறியதே காரணம் என்று அதில் இருந்தது. யார் மாற்றியது என்று அவரும் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் வேர்க்கடலையும் வெல்லமும் வாங்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். குழந்தை பிறந்து பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். அது வாசலில் பாயில் கிடந்து வீறிட்டுக்கொண்டிருந்தது. அவன் அதன் நெஞ்சில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அழுகிறதா, தூங்குகிறதா என்று கையில்தான் தெரிந்துகொள்கிறான்.

அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். தலைகுனிந்து கேட்டாள். பிறகு, "அவருகிட்ட சொல்லுங்க சாமி" என்றாள்.

காது கேட்காதவன், எழுத்துத் தெரியாதவன். எப்படிச் சொல்வது? அவன் எதிரே மண்ணில் குந்தினேன். விரலால் ஐந்து குழி போட்டேன். எதிரே ஒரு கல்லை நட்டு, அதுதான் பாறை என்று காட்டினேன். பாறையடியில் ஒரு சுள்ளியை வைத்து அவளைக் காட்டினேன். வெடிக்காத ஒன்றை விட்டுவிட்டு, மற்ற நாலு குழியையும் தொட்டுத் தொட்டு, கொண்டுவந்திருந்த கொட்டைகளை ஒவ்வொன்றாக எறிந்தேன். ஓரத்துக் குழி வந்ததும் இன்னொரு கொட்டையையும் எடுத்து அந்தக் கல் மேலேயே எறிந்தேன். அது தெறித்துத் திரும்பி வந்து சுள்ளியின் பக்கத்தில் விழுந்தது. அதையும் சேர்த்து எண்ணிக் காட்டினேன்.

அவன் வெகுநேரம் குழிகளையே பார்த்தான். சட்டென்று முகம் மாறியது. புரிந்துவிட்டது. பிறகு சுள்ளியைத் தொட்டு, காது கேளாதவர்களின் உரத்த குரலில் கேட்டான்:

"அப்ப இவள அங்க குந்த வெச்சது யாரு?"

அதிகாரி கேட்காத கேள்வி. அவள் வேகமாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் வேண்டாம் என்று, அவனைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்து.

"ஏம்மா, ரேகை வெக்கும்போதே சொல்லியிருக்கலாமே, நான்தான் அங்க போகச் சொன்னேன்னு?"

"வெய்யில்ல குந்தாதன்னு பிரியமா சொன்னீங்க. அதப் போயி எப்டி சாமி சொல்றது?"

அவன் பக்கம் திரும்பினேன். என் நெஞ்சில் கையை வைத்துக் காட்டினேன். நான்தான். மறுநாள் அந்த வரியையும் எழுதி அனுப்பினேன், அதற்காக என்னை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். அது பெரிய விஷயமில்லை.

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. திட்டவில்லை. மண்ணில் கிடந்த ஐந்து கொட்டையையும் பொறுக்கி, அவள் மடியில் போட்டான்.

"இன்னாமே பாக்கற?" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினான். "நீ எண்ணுனது சரிதான்."

அவள் மடியைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அவனுக்கு அது கேட்கவில்லை. குழந்தையின் நெஞ்சிலிருந்து கையை எடுத்து, அவள் முதுகில் வைத்துக்கொண்டான்.