கங்காணி கொண்டுவந்த கூடை

போன வாரம் கங்காணி சுடலைமுத்து ஒரு புதுக் கூடையோடு வந்து என் வாசலில் நின்றார்.

வாராவாரம் இதைப் படிக்கிறவர்களுக்குப் பள்ளிவாசல் எஸ்டேட்டில், தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு நடுவே, என் லயத்து வீடு தெரியும். ஒரு அறை, ஒரு அடுப்பு. அதுவும் எஸ்டேட் வீடு. குடும்பத்தில் ஒருவராவது தேயிலைக் கொழுந்து கிள்ளினால்தான் அதில் குடியிருக்கலாம். எனக்கு வயதாகிவிட்டதாம்... இந்த மாதத்தோடு நிறுத்துகிறார்கள்.

"கனி பேரை வேலைக்குப் பதிஞ்சிருங்கக்கா. வீடு உங்களுக்கே இருக்கும்" என்றார்.

கனி என் கடைசி மகள். கோட்டயத்தில் காலேஜ் சீட் கிடைத்திருக்கிறது. எங்கள் சாதியில், எங்கள் லயத்தில், காலேஜ் வாசலை மிதித்தவர் இதுவரை யாருமில்லை.

"அவ படிக்கப் போறா, தம்பி."

"படிச்சு? கலெக்டராவா வரப்போறா? நாளைக்கு மழையில எங்கக்கா படுப்பீங்க?"

நியாயமான கேள்விதான். கேட்டவருடைய மகன் மதுரையில் காலேஜ் படிக்கிறான் — அதை மட்டும் அவர் மறந்துவிட்டார்.

அவர் கூடையை வைத்துவிட்டுப் போனதும் கனி அதை எடுத்து முதுகில் மாட்டிப் பார்த்தாள்.

"நான் வேலைக்குப் போறேம்மா. இந்த வயசுல நீ வீடில்லாம அலைய வேண்டாம்."

"இறக்குடி கீழ" என்றேன். இறக்கினாள்.

தேயிலை செடியா, மரமா? யாரையாவது கேட்டுப் பாருங்கள், செடி என்பார்கள். விட்டுப் பார்த்தால்தானே தெரியும், அது மரம். கைக்கு எட்டாமல் போய்விடுமே என்று வெட்டி வெட்டி இடுப்பளவில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். செடியையே வளரவிடாதவர்கள் எங்கள் பிள்ளைகளையா விடுவார்கள்?

திங்கட்கிழமை கனியை பஸ் ஏற்றிவிட்டேன். டிரங்குப் பெட்டி வாங்க வழியில்லை. துணி, புத்தகம், கம்பளி எல்லாம் அந்தக் கூடையிலேயே போயின.

மாதக் கடைசிவரை நானும் காத்திருக்கவில்லை. அவர்கள் வந்து 'இறங்கு' என்று சொல்வதற்கு முன்னால் நானாகவே பூட்டிச் சாவியை ஆபீஸில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். இப்போது சாந்தன்பாறையில் தங்கச்சி வீடு. ஏலக்காட்டில் தினக்கூலி. மழைக்குக் கூரை ஒழுகத்தான் செய்கிறது... ஒழுகட்டும்.

நேற்று சுடலைமுத்து ஆள் அனுப்பியிருந்தார். கூடை எஸ்டேட் சொத்தாம், திருப்பித் தரவேண்டுமாம்.

"கூடை காலேஜுக்குப் போயிருக்குன்னு சொல்லுப்பா" என்றேன். "வேணும்னா அவரும் சீட் வாங்கிப் போயி எடுத்துக்கிடட்டும்."