முசுறுக் கூட்டில் ஒரு திருடன்

எங்கள் புழக்கடை மாமரத்தில் முசுறு எறும்புகள் இலைகளைச் சேர்த்துக் கட்டிய கூட்டுக்குள், ஓடு போன்ற முதுகுடன் தட்டையான புழு ஒன்று இருந்தது. எறும்புகள் அதைச் சூழ்ந்தே நின்றதால், அதுதான் அவற்றின் ராணி என்று பன்னிரண்டு வயது மகளிடம் சொன்னேன். பள்ளி வாத்தியாரான என் பேச்சை அவள் ஏற்கவில்லை.

"ராணி இல்லப்பா, திருடன். எறும்புக் குஞ்சுங்களத் துன்னுக்கினு இருக்குது. பாரு, ரெக்க மொளச்சி ஓடிடும்."

"அந்தத் திருடனையே மாப்ளையாக்கிடு வாத்தியாரே!" என்று, அவள் எந்நேரமும் அந்தக் கூட்டையே பார்த்து நிற்பதைக் கண்டு பக்கத்து வீட்டம்மா சிரித்தார்.

சில வாரம் கழித்து ஒரு காலை, மகள் மரக்கிளையில் நின்றபடி கூட்டை விரித்துப் பிடித்திருந்தாள். கையெல்லாம் எறும்பு.

"கைய எடு கண்ணு, வுழுந்துடுவே!"

"கத்தாதப்பா, வெளிய வருது."

புழுவின் ஓடு வெடித்துப் பட்டாம்பூச்சி ஒன்று ஊர்ந்து வந்தது. கடிக்கப் பாய்ந்த எறும்புகளின் வாயில் அதன் மேலிருந்த வெண்தூள்தான் ஒட்டியது. சிறகு காய்ந்து அது பறக்கும்வரை அவள் கையை எடுக்கவில்லை. கீழே நான் அவளைப் பிடிக்க இரு கைகளையும் ஏந்தி நின்றேன்.

வைத்தியரிடம் போகும் வழியில், தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டிக்கொண்டிருந்த நெசவாளிகள் அவள் கை ஏன் வீங்கியது என்று கேட்டார்கள். ஒவ்வொருவரிடமும் நின்று, நான் தப்பாகச் சொன்னதையும் சேர்த்து, முழுக்கதையையும் சொன்னேன்.