பாவு நீட்டிய தெருவில் ஒரு சைக்கிள்

புது டயரின் ரப்பர் வாசனையும், தெருவில் நீட்டிய பட்டு நூலின் மேல் தெளித்த கஞ்சித் தண்ணீரின் புளிப்பு வாசனையும் ஒன்றாக மூக்கில் ஏறினால், இன்றைக்கும் எனக்கு முழங்கால் லேசாக எரிவது போலிருக்கும். நான் பிளஸ் ஒன் படித்த வருஷம் அது. பள்ளியில் எல்லாருக்கும் கொடுத்த இலவச சைக்கிள், சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டு நடையில், கைப்பிடியில் சுற்றிய பாலிதீன்கூடப் பிரிக்கப்படாமல் மூன்று வாரமாக நின்றிருந்தது.

எனக்கு ஓட்டத் தெரியாது. விழுந்துவிடுவேன் என்று பயம். அதை ஒப்புக்கொள்வதைவிடக் காரணம் சொல்வது சுலபமாக இருந்தது; அதில் நான் கெட்டிக்காரி. சீட்டு உயரம் என்றேன். அம்மா சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போய்ச் சீட்டை இறக்கிக்கொண்டு வந்தாள். மழை வரும்போல் இருக்கிறது என்றேன், வரவில்லை. கோயில் உற்சவத்துக்கு வந்த கூட்டம் இன்னும் கலையவில்லை என்று, உற்சவம் முடிந்து பத்து நாள் கழித்தும் சொன்னேன். எல்லாவற்றையும்விடப் பலமான காரணம் ஒன்று கையில் இருந்தது. அதுதான் 'பாவு'. தறியில் ஏற்றுவதற்கு முன் பட்டு நூலைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முடிந்து காயவைப்பார்கள். பெரும்பாலும் தினமும் காலையில் எங்கள் தெருவில் யாராவது ஒருவருடைய பாவு நீண்டு கிடக்கும். சைக்கிளோடு அதில் போய் விழுந்தால் ஒரு குடும்பத்தின் பிழைப்பே அறுந்துபோகும். "தெருவுல பாவு நீட்டிக்கினு இருக்காங்கமா, எப்பிடி ஓட்டுறது?" என்று நான் கேட்டால், நெசவாளர் வீட்டில் அதற்கு யார் பதில் சொல்ல முடியும்?

இதற்கிடையில் பள்ளியில் வேதியியல் டீச்சர் காலை ஏழரைக்குச் சிறப்பு வகுப்பு தொடங்கியிருந்தார். பள்ளியோ ஊரின் மறுகோடியில், பெரிய காஞ்சிபுரத்தில். டவுன் பஸ் என்னைக் கொண்டுபோய் விடும்போது எட்டைத் தாண்டிவிடும். அந்த வகுப்புக்கு நான் ஒரு நாளும் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை, பரீட்சையில் மார்க்கும் வந்து சேரவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "திங்கக்கிழமை ஏழரைக்கு நீ இங்க இருக்கணும்மா. இல்லைன்னா சயின்ஸ் குரூப்ப விட்டுட்டு வேற குரூப்புக்குப் போயிடு" என்றார். ஆறாம் வகுப்பிலிருந்து நர்ஸ் ஆகப்போகிறேன் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தவள் நான். வீட்டுக்கு வந்து ஓவென்று அழுதேன். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இந்தப் பாவு மட்டும் இல்லைன்னா எப்பவோ கத்துக்கினு இருப்பேன்" என்றேன்.

மறுநாள் சனிக்கிழமை, அமாவாசை. அமாவாசையன்று எங்கள் பக்கம் யாரும் தறியில் உட்காரமாட்டார்கள். தெருவில் பாவும் இருக்காது. துடைத்துவைத்தாற்போல் காலியாகக் கிடந்த தெருவைக் காட்டி அம்மா, "இன்னிக்கு இன்னாடி காரணம்?" என்றாள். "அமாவாசையில போயி யாராவது சைக்கிள் கத்துக்குவாங்களா?" என்று வாயில் வந்ததைச் சொன்னேன்.

அம்மா விறுவிறுவென்று நடைக்குப் போனாள். பாலிதீனை உரித்துப் போட்டாள், புடவையை இழுத்துச் செருகினாள், சைக்கிளைத் தெருவில் இறக்கினாள். எனக்குக் கற்றுத்தரப் போகிறாளாக்கும் என்று பார்த்தால், அவளுக்கே ஓட்டத் தெரியாது. "நீ ஓட்டலன்னா வுடு, நான் ஓட்டிக்கிறேன். எனக்கு எத்தினி வருசத்து ஆசை தெரியுமா?" என்று சொல்லிக்கொண்டே ஏறினாள், ஏறிய வேகத்தில் விழுந்தாள். அவளுக்கு அப்போது நாற்பது வயது. தறி ஓடாத நாள் என்பதால் தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. "இன்னாக்கா, சர்க்கஸ்ல சேரப் போறியா?" என்று யாரோ கேட்க, அம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு மறுபடி ஏறினாள். எனக்கு மானம் போயிற்று; கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். மத்தியானத்துக்குள் தெருக்கோடி வரை விழாமல் போனாள். சாயங்காலம் கொத்தமல்லிக் கட்டும் கையுமாக, தேவையே இல்லாமல் மணியடித்துக்கொண்டு கடையிலிருந்து திரும்பினாள். அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்குப் பெருமை வந்திருக்க வேண்டும். பொறாமைதான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் எதிர்வீட்டுக்காரர் பாவு நீட்டிவிட்டார். அம்மாவின் ஆட்டம் இத்தோடு சரி என்று உள்ளூரக் குளிர்ந்துபோய் வாசலில் நின்றேன். அம்மா சைக்கிளை எடுத்தாள். பாவு நீண்டிருந்த தூரம் முழுக்கச் சுவரோரமாகத் தள்ளிக்கொண்டே நடந்தாள். பாவு முடிந்ததும் ஏறி உட்கார்ந்து மிதித்துப் போய்விட்டாள். அவ்வளவுதான். மூன்று வாரமாக நான் தாண்ட முடியாமல் நின்றது, எண்ணிப் பார்த்தால் அறுபது தப்படி தூரம். திரும்பி வந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பாவு நம்ம தெருவுலதாண்டி நீட்டியிருக்குது, ஊரு பூராவுமா நீட்டியிருக்குது?" என்றாள்.

"சைக்கிளக் குடு" என்று பிடுங்கிக்கொண்டு போனேன். கோயில் மதிலோரம் அன்று முழுக்க விழுந்தேன், எழுந்தேன், மறுபடி விழுந்தேன். இரண்டு முழங்காலிலும் தோல் இல்லை. திங்கட்கிழமை பாவைத் தாண்டும்வரை தள்ளி, பிறகு ஏறி மிதித்து, ஏழு இருபத்தைந்துக்கு வகுப்பு வாசலில் வியர்த்து ஊற்ற நின்றேன். டீச்சர் என் காலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், "உக்காரு" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி, பிற்பாடு நர்ஸ் வேலைக்கு உத்தரவு வந்த அன்றுகூட ஏற்படவில்லை.

அந்த சைக்கிள் பழைய இரும்புக்குப் போய் வெகுகாலம் ஆகிறது. பாவும் இப்போது எங்கள் தெருவுக்கு வருவதில்லை. இரண்டு பக்கமும் ஸ்கூட்டரும் காரும் நிற்கிற தெருவில் அதற்கு இடமில்லை என்று வேறு இடம் பார்த்துக்கொண்டது. காரணங்கள் மட்டும் எங்கள் வீட்டைவிட்டுப் போகவில்லை. போன மாதம் அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன் ஆயிற்று. தினமும் நடந்தால்தான் கால் மடங்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், பிடித்துக்கொண்டு நடக்க வாங்கிய வாக்கரோ வந்த அன்றைக்கு நிறுத்திய இடத்திலேயே நிற்கிறது. வெயில் என்கிறாள், நாய் என்கிறாள். நேற்று, "தெரு பூரா வண்டியா நிக்குதுமா, எப்பிடி நடக்கிறது?" என்றாள்.

"வண்டி நம்ம தெருவுலதாம்மா நிக்குது, ஊரு பூராவுமா நிக்குது?" என்றேன்.

அம்மா என்னை முறைத்துப் பார்த்தாள். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "அந்த வாக்கரக் குடுடி" என்றாள்.