பொதுக் கேள்விகள் மட்டும்

அரியலூரில் ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் மூளையும் மனமும் பற்றி ஒரு வகுப்பு நடத்தினோம். ஆர்வம் உள்ளவர்கள் யாரும் வரலாம், கட்டணம் இல்லை. ஞாபகம், கவனம், தூக்கம், முடிவெடுப்பது, மொழி, கற்றல் என்று வாரத்துக்கு ஒரு தலைப்பு, வாரத்துக்கு ஒரு பேச்சாளர். நடத்தியவர்கள் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் சிலர், சிமென்ட் ஆலையில் வேலை பார்க்கும் இரண்டு பொறியாளர்கள், ஒரு மருந்துக்கடைக்காரர், நான். நான் ஒரு நாளிதழில் இருபத்தெட்டு ஆண்டுகள் செய்தி திருத்தியவன். பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன்.

நான் சொல்ல வந்தது ஐந்தாவது வாரத்தைப் பற்றி.

கல்யாண மண்டபத்தின் மாடிக்கூடம் எங்களுக்குப் பன்னிரண்டரை மணி வரைதான். நோட்டீஸில் பத்து மணி என்று போட்டிருந்தது. பத்து இருபதுக்குத் தமிழ்த்தாய் வாழ்த்து. பிறகு வரவேற்புரை, தலைமையுரை, இரண்டு வாழ்த்துரைகள். பிறகு பொன்னாடைகள். நான் எண்ணினேன்: பதினொன்று. மண்டபத்து மேனேஜருக்கு ஒன்று. நாற்காலி தந்தவருக்கு ஒன்று. சென்ற வாரம் வர முடியாமல் போனதற்காக வருத்தம் தெரிவித்தவருக்கு ஒன்று. ஒவ்வொரு பொன்னாடைக்கும் ஒரு புகைப்படம், ஒவ்வொரு புகைப்படத்துக்கும் "இன்னும் ஒண்ணு எடுத்துக்கங்க" என்று ஒரு குரல். பெங்களூரிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து வந்திருந்த பேராசிரியை, நாற்பது வயதுக்காரர், மேடையில் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவர் மைக்கைத் தொட்டபோது மணி பதினொன்று பத்து.

நன்றாகப் பேசினார். நாம் ஒரு வாக்கியத்தைக் கேட்கும்போது அது முடிவதற்கு முன்பே முடிவை ஊகித்துவிடுகிறோம் என்பதைக் கூட்டத்தை வைத்தே செய்து காட்டினார். ஆனால் பன்னிரண்டு மணிக்கு எங்கள் குழுவின் செயலாளர் ஒரு துண்டுத்தாளை நீட்டினார். பேராசிரியை அதைப் படித்துவிட்டு, "நேரமில்லை, இதையெல்லாம் தாண்டிப் போறேன்" என்று திரையில் ஆறு படங்களை வேகமாகத் தள்ளினார். எனக்குத் தலைப்பை மட்டும் படிக்க முடிந்தது: "பக்கவாதத்துக்குப் பின் பேச்சு." அந்த ஆறு படங்களும் பதினொரு பொன்னாடைகளுக்குப் பலி.

கேள்வி நேரத்துக்கு ஒரு விதி இருந்தது. கேள்வியைச் சீட்டில் எழுதித் தர வேண்டும். பொதுக் கேள்விகள் மட்டும். சொந்தப் பிரச்சினைகளைத் தவிர்க்க வேண்டும். இந்த விதியை எழுதியது நான்தான். முதல் வாரம் ஒருவர் எழுந்து தன் மருமகனின் மறதியைப் பற்றிப் பதினெட்டு நிமிடம் பேசினார். அதற்குப் பிறகு போட்டது. சீட்டுகளை வாங்கி, தேர்ந்தெடுத்து, திருத்தி, செயலாளரிடம் தருவதும் என் வேலை. வாசகர் கடிதங்களைத் திருத்திய கை. எந்தச் சீட்டையும் ஒரு வரியாக்கிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அன்று வந்த சீட்டுகளில் ஒன்று தினசரி காலண்டர் தாளின் பின்புறத்தில் எழுதப்பட்டிருந்தது. "என் வீட்டுக்காரருக்கு வாதம் வந்து பதினோரு மாதம் ஆகிறது. எதைக் கேட்டாலும் ஆமா என்கிறார். வேறு பேச்சு இல்லை. நாங்கள் பேசுவது அவருக்குப் புரிகிறதா இல்லையா. வெள்ளிக்கிழமை பெண்ணுக்கு நிச்சயம். அதற்குள் தெரிய வேண்டும்."

நான் அதை இப்படித் திருத்தினேன்: "பேச்சை இழந்தவர்களுக்கு மொழி புரியுமா?" வீட்டுக்காரர் போனார், ஆமா போனது, பதினோரு மாதம் போனது, வெள்ளிக்கிழமை போனது. தலைப்புச் செய்தி போலச் சுத்தமாக இருந்தது.

செயலாளர் அதைப் படித்தார். பேராசிரியை திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார்.

"அது ஆளைப் பொறுத்ததுங்க. சிலருக்குப் புரியாது, பலருக்கு ஓரளவு புரியும். இது யாரைப் பத்தின கேள்வி? கேட்டவங்க இங்க இருக்காங்களா?"

நாலாவது வரிசையில் பச்சைச் சேலை உடுத்திய ஒரு அம்மா, ஐம்பது வயதிருக்கும், கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கினார்.

"பொதுக் கேள்விதான் மேடம்," என்றார் செயலாளர். "அடுத்த கேள்வி."

கை இறங்கியது. காலண்டர் தாள் என் சட்டைப்பையில் இருந்தது. நான் எழுந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்த கேள்வி, கனவுக்கு நிறம் உண்டா என்பது. அதற்கு ஏழு நிமிடம் கிடைத்தது.

நன்றியுரை தொடங்கியதும் அந்த அம்மா எழுந்து போய்விட்டார். மாடிப்படியில்தான் அவரைப் பிடிக்க முடிந்தது.

"அந்தச் சீட்டு எழுதினது நீங்கதானேம்மா?"

"நான் எழுதினத அங்க யாரும் படிக்கலியே," என்றார். "அதான் பொதுக் கேள்வின்னுட்டாங்க."

"மாத்தி எழுதினது நான்தான். வாங்க, மேடத்துகிட்ட நேராவே கேட்டுடலாம்."

"எனக்குத் திருமானூர் பஸ்ஸு போயிடும்."

"அடுத்த பஸ் இருக்கு. வாங்கம்மா."

கீழே பந்தியில் பேராசிரியைக்கு இலை போட்டிருந்தார்கள். செயலாளர் குறுக்கே வந்தார். "சாப்பிடட்டும் சார். அப்பறம் போட்டோ வேற இருக்கு." நான் அவரைச் சுற்றிக்கொண்டு போய்ச் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். பேராசிரியை படித்தார். பக்கத்து நாற்காலியை இழுத்து அந்த அம்மாவை உட்காரச் சொன்னார்.

"வலது கை விழுந்துடுச்சா?"

"ஆமாங்க. எடது நல்லா இருக்கு."

"தப்பாக் கேட்டாலும் ஆமான்னுதான் சொல்றாரா?"

"நீ ஆம்பளையான்னாலும் ஆமா, பொம்பளையான்னாலும் ஆமா. அதான் எங்க மூத்தவரு புத்தி போயிடுச்சுன்னுட்டாரு. நிச்சயத்துல தாம்பாளத்த அவரே மாத்திக்கறேங்கறாரு. இவர பின்னாடி ரூம்புல உக்கார வெச்சுடலாம்னு." மூத்தவர் என்று அவர் சொன்னது கணவரின் அண்ணனை. "எனக்கு அது பத்திக்கூட இல்லீங்க. இந்த எடம் இவருக்குப் புடிச்சிருக்கான்னு எப்படிக் கேக்கறது? அதுக்கும் ஆமாம்பாரு."

பேராசிரியை சாதத்தைத் தொடவில்லை. "நான் டாக்டர் இல்லம்மா. பார்க்காம எதுவும் சொல்லக் கூடாது. பெரிய ஆஸ்பத்திரில பேச்சுப் பயிற்சி குடுக்கறவங்ககிட்ட கட்டாயம் காட்டணும். ஆனா வாயில ஒரே வார்த்தைதான் வருதுங்கறதால உள்ளயும் ஒண்ணும் போகலைன்னு அர்த்தமில்ல. வாயைக் கேக்காதீங்க. கையைக் கேளுங்க. ஆறு சாமானை முன்னாடி வைங்க. ஒவ்வொண்ணா எடுக்கச் சொல்லுங்க. சொல்றவங்க அந்தச் சாமானைப் பாக்கக் கூடாது. தாடையால காட்டக் கூடாது. சின்னச் சின்னதாச் சொல்லுங்க."

இதைச் சொல்ல நான்கு நிமிடம் ஆனது. இரண்டு பொன்னாடை நேரம்.

நான் யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட அந்த அம்மா, "நான் சொன்னா எங்க வூட்ல நம்ப மாட்டாங்க. பேப்பர்காரரு நீங்க வந்து நின்னா கேப்பாங்க," என்றார்.

செவ்வாய்க்கிழமை போனேன். திருமானூரிலிருந்து உள்ளே ஒரு கரும்புக்காட்டு ஊர். ஓட்டு வீட்டின் முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் கணவர் உட்கார்ந்திருந்தார். நன்றாகச் சவரம் செய்திருந்தது. நான் வணக்கம் சொன்னதும் "ஆமா" என்றார். அவர் அண்ணன், மஞ்சள் துண்டு போட்ட கனத்த ஆள், என்னைப் பார்த்து, "பேப்பர்ல போடவா வந்தீங்க?" என்றார். இல்லை என்றேன். "அப்ப எதுக்கு?" என்றார்.

ஸ்டூல் மேல் சீப்பு, சாவி, கரண்டி, தீப்பெட்டி, செல்போன், எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அந்த அம்மா, "சாவிய எடுங்க," என்றார். இடது கை மெதுவாக வந்து சாவியை எடுத்தது.

"நீ கண்ணால காட்டற," என்றார் அண்ணன்.

உண்மை. அந்த அம்மாவின் பார்வை சாவி மேல்தான் இருந்தது. நானும் கவனித்தேன்.

"அப்ப நீங்களே கேளுங்க மாமா. பின்னால நின்னு கேளுங்க."

அண்ணன் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். "கரண்டி," என்றார். கரண்டி வந்தது. "தீப்பெட்டி." வந்தது. "சீப்பு." கை செல்போனைத் தொட்டு, நின்று, சீப்புக்கு மாறியது. "எலுமிச்சம்பழம்." வந்தது. அண்ணன் எட்டி ஸ்டூலைப் பார்த்தார். பிறகு, "செல்போனுக்கு அந்தாண்ட இருக்கற சாவிய எடுத்து, தீப்பெட்டிய நவுத்திட்டு, சீப்பு மேல வெச்சுட்டுக் கரண்டிய எங்கிட்ட குடு," என்றார்.

கை ஸ்டூல் மேல் அலைந்தது. எதையும் எடுக்கவில்லை. "ஆமா," என்றார் கணவர். "ஆமா, ஆமா."

"பாத்தீங்களா?" என்றார் அண்ணன்.

உள் வாசலில் நின்ற மகள், "பெரியப்பா, அது எனக்கே புரியல," என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. அந்த அம்மா தரையில் உட்கார்ந்துகொண்டார். அண்ணனைப் பார்த்துச் சொன்னார், குரலை உயர்த்தாமல்: "இவரு முன்னாடிதான மாமா சொன்னீங்க, கட்டில மாட்டுக்கொட்டாயிக்கு மாத்திடலாம்னு. இவரு முன்னாடிதான சொன்னீங்க, இருந்தும் ஒண்ணுதான் இல்லாட்டியும் ஒண்ணுதான்னு. நானுந்தான் சொன்னேன். பீத்துணி அலசிக்கிட்டே இவரு காதுபட எவ்வளவோ சொல்லியிருக்கேன்."

பதினோரு மாதம். இந்த மாவட்டத்தில் எத்தனை வீடுகளில் எத்தனை பேர் இப்படி நாற்காலியில் உட்கார்ந்து, தங்களைப் பற்றிய தீர்ப்புகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரியாது. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது மாத்திரைச் சீட்டு கொடுத்தார்கள், காலுக்குப் பயிற்சி சொன்னார்கள். ஆறு சாமான் வைத்துப் பார்க்கச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றிய ஒருவரை நாங்கள் வரவழைத்து, ஐம்பது நிமிடம் வாழ்த்தும் பொன்னாடையுமாகக் காக்க வைத்து, கேட்க வந்தவரைப் பொதுக் கேள்வி என்று உட்கார வைத்தோம். இதற்கு அறிவியல் பரப்புதல் என்று பெயர் வைத்திருந்தோம்.

அந்த அம்மா மாப்பிள்ளையின் போட்டோவைக் கணவர் முன் வைத்தார். "இதான் மாப்பிள்ள." நிறுத்தினார். "புடிச்சா எடுங்க." நிறுத்தினார். "புடிக்காட்டி தள்ளுங்க." கணவர் போட்டோவை வெகுநேரம் பார்த்தார். எடுத்தார். மடியில் வைத்துக்கொண்டார். திரும்ப வாங்கப் போனபோது கொடுக்கவில்லை.

"சரி. அப்ப தாம்பாளத்தையும் அவரே மாத்தட்டும்," என்றார் அந்த அம்மா.

"எப்படி மாத்துவான்?" என்றார் அண்ணன். "எடக்கையாலயா? நாலு பேரு கூடற எடத்துல? சம்பந்தி வூட்ல என்ன நெனப்பாங்க?"

"அவருக்கு அந்தக் கைதான் இருக்கு."

"நல்ல காரியத்துக்கு எடக்கைய நீட்டுவாங்களா? சொல்லுங்க சார், பேப்பர்காரரு நீங்களே சொல்லுங்க."

"எடுக்கச் சொன்னதெல்லாம் எடுத்த கை அதுதாங்க," என்றேன். அண்ணன் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே போனார். பைக் கிளம்பும் சத்தம் கேட்டது.

புதன்கிழமை செயலாளருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். கடைசி வாரம் பொன்னாடைகளை நிறுத்த வேண்டும், கேட்பவர்களே எழுந்து கேட்க வேண்டும் என்றேன். விதியை எழுதியவனே சொல்கிறேன், அது தவறு என்றேன்.

"ரொம்ப நல்ல செய்தி சார்," என்றார். "நம்ம ஆண்டறிக்கையில ஒரு வரி சேத்துடலாம். பயனாளி ஒருவர்னு. பொன்னாடை மட்டும் இந்த வாரம் நிறுத்த முடியாது சார், பன்னெண்டு பேருக்குச் சொல்லியாச்சு. நீங்க அந்த ஒரு வரிய எழுதி அனுப்பிடுங்க, உங்களுக்குத்தான் சுருக்கமா வரும்."

நான் எழுதி அனுப்பவில்லை. கடைசி வகுப்புக்கும் போவதில்லை என்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமை காலை அந்த அம்மா கூப்பிட்டார்.

"தாம்பாளத்த அவருதான் குடுத்தாரு சார்."

"எந்தக் கையால?"

"எடக்கையாலதான். மூத்தவரு தடுக்கல. ஆனா தட்டு கனம், சாயப் பாத்துச்சு. மூத்தவருதான் வந்து அடியில கையக் குடுத்தாரு. சம்பந்தி ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டாரு. அவங்க பக்கத்துல ஒரு கெழவி மட்டும் மொணமொணன்னுச்சு. விடுங்க. திங்கக்கிழம ஆஸ்பத்திரிக்குப் போறோம், பேச்சுக்கு."

நல்லது என்றேன்.

"ஆனா சார், நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், அவருக்குப் புரியுது, சின்னச் சின்னதாப் பேசுங்கன்னு. சரிம்மான்னு தலைய ஆட்டிட்டு, காதுகிட்ட வாய வெச்சு, சாப்ட்டியான்னு கத்துறாங்க. விருந்துக்கு வந்தவங்க அத்தன பேரும். காது நல்லாத்தான் சார் கேக்குது அவருக்கு."