பொட்டு வைத்த ராணி

“அம்மா, இந்த ஆன்ட்டி பொட்டு வச்சிருக்காங்க. நம்ம ஆளுதானே? அப்புறம் ஏன் அந்த அங்கிளுக்குக் குடுக்கப் போற?”

என் மகள் இதைக் கேட்டு ஒரு வாரம் ஆகிறது. அவளுக்கு நாலு வயது. கேட்டுவிட்டு மைலோ குடிக்கப் போய்விட்டாள். நான்தான் அந்த நாணயத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். விளிம்பில் மட்டும் விரல் பட, கீழே துண்டு விரித்து. தொழிலில் இருப்பவர்கள் எல்லாரும் அப்படித்தான் பிடிப்பார்கள். நான் அதோடு மூச்சையும் பிடித்துக்கொள்வேன்.

ஆன்ட்டி என்று அவள் சொன்னது ஓர் ஆங்கிலேய மகாராணியை. பினாங்கும் மலாக்காவும் சிங்கப்பூரும் ஒரே ஆட்சியில் இருந்த காலத்து வெள்ளி ஐம்பது காசு அது. ஒரு பக்கம் ராணியின் முகம், பக்கவாட்டில். வயதாகி, வெள்ளி கறுத்து, ஓரங்களில் மட்டும் மயில் கழுத்து நிறம். அந்த முகத்தின் நெற்றியில், கிரீடத்துக்குக் கொஞ்சம் கீழே, ஒரு குங்குமப் பொட்டு.

வட்டப் பிளாஸ்டிக் மூடியைத் திறந்தபோது சந்தன வாசனை வந்தது. உண்மையாகவே வந்ததா, நானாக நினைத்துக்கொண்டேனா? எதையும் இரண்டு முறை யோசிப்பவள் நான். மூன்றாவது முறை யோசித்தால் முதலில் நினைத்ததே சரி என்று தோன்றும். அதனால் அங்கே நிறுத்திக்கொள்வேன். வாசனை வந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணமான புதிதில் ஈப்போ பழைய நகரத்தில் நாங்கள் ஒரு நாணயக் கடை வைத்திருந்தோம். கடை என்று சொன்னால் கடை கோபித்துக்கொள்ளும். ஒரு தையல்காரர் தன் இடத்தில் பாதியை எங்களுக்கு விட்டிருந்தார். ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு மேசை விளக்கு, இரண்டு நாற்காலி. பின்சந்தில் காப்பிக்கொட்டை வறுப்பார்கள். அந்த வெண்ணெய் மணமும் எங்கள் பிளாஸ்டிக் உறைகளின் மணமும் கலந்து என் துப்பட்டாவில் ஏறிக்கொள்ளும். வீட்டுக்குப் போனால் செப்புக்காசு வாடை விரலை விட்டுப் போகாது. சொந்தக்காரர்கள் கல்யாண வீடுகளில் என்னைக் காட்டி, “கணக்கியல் படிச்ச பொண்ணு, பழைய சில்லற விக்கிது” என்பார்கள். அது பொய்யில்லை என்பதால் நானும் சிரித்துவைப்பேன்.

என் கணவருக்குக் கமுந்திங்கில் தொழிற்சாலை வேலை. வெள்ளிக்கிழமை வந்து ஞாயிறு திரும்பிவிடுவார். எங்களுக்குள் ஒரு பேச்சு இருந்தது. ஈப்போவில் நடக்கப்போகும் நாணயக் கண்காட்சியில் முதல் முறையாக மேசை போடுகிறோம். நன்றாகப் போனால் அவர் வேலையை விட்டுவிட்டு முழுதாகக் கடைக்கு வந்துவிடுவார். போகாவிட்டால் கடையை மூடிவிட்டு நான் கமுந்திங் போய்விட வேண்டும். அங்கே ஓர் அறையும், எனக்கு ஏதாவது ஓர் அலுவலக வேலையும் பார்த்துவிடலாம் என்றார். நான் தலையாட்டினேன். அந்த அறைக்குப் போகாமலிருக்க என்ன வழி என்று அன்றிரவே கணக்குப் போட ஆரம்பித்தேன்.

நம்பிக்கை முழுவதும் அந்த ராணி மேல்தான். பீடோர் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டம். பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டுவிட்டார்கள். லயன் வீட்டைக் காலி செய்த ஒரு குடும்பம் பால்டின்னில் போட்டு வைத்திருந்த காசுகளை எங்களிடம் கொடுத்தது. சதுரக் காசுகள், தேய்ந்த பத்துக் காசுகள், நடுவில் இவள். நான் உடனே லியோங் அங்கிளைக் கூப்பிட்டேன். ஈப்போவில் பழைய நாணயம் சேர்ப்பவர்களில் அவர் கண்தான் கண். அவருடைய அப்பா தோட்டத்து வாசலில் மளிகைக்கடை வைத்திருந்த சீனர். அதனால் அவர் பேசும் தமிழில் உப்பு, புளி, கருவாட்டுக்கு மட்டும் பிழையே வராது.

“தங்கச்சி, யாருக்கும் காட்டாத. ஷோவுல நான் வாரேன், நான் எடுக்குறேன்” என்றார். விலையும் பேசிவிட்டோம். “ஒங்களுக்குத்தான் அங்கிள்” என்று நான் சொன்னேன். இந்த வார்த்தையை மறந்துவிடாதீர்கள். நான் மறக்கவில்லை.

கண்காட்சிக்கு முதல் நாள் ஆயுத பூஜை. ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து என் கணவரின் அக்கா வந்தார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். சந்தையில் மீன் கடை வைத்திருப்பவர். யாரிடமும் விலை குறைத்ததில்லை, யாரும் அவரை விட்டுப் போனதும் இல்லை. கடைக்குள் வந்து ஒரு சுற்றுப் பார்த்தார்.

“பூஜை போடாம நாளைக்கு யாவாரத்துக்குப் போறீங்களா? நல்லாத்தான் படிச்சீங்க ரெண்டு பேரும்!”

மேசையைத் துடைத்து, தராசு, பூதக்கண்ணாடி, கால்குலேட்டர், சின்ன இடுக்கி எல்லாவற்றையும் வாழையிலையில் வைத்தேன். பொரியும் எலுமிச்சையும் வாங்க லிட்டில் இந்தியாவுக்குக் கிளம்பினேன். என் கணவர் வெளியே எங்கள் பழைய ‘கஞ்சில்’ குட்டிக் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். கடைத்தெருவில் எலுமிச்சையை எடுப்பதும் வைப்பதுமாக நான் நேரத்தைக் கழித்திருக்கக் கூடாது. கறை இல்லாத பழமாக இருக்க வேண்டும் என்று பார்த்தேன்.

திரும்பி வந்தால், கண்ணாடிப் பெட்டி திறந்திருந்தது. நாணயங்கள் எல்லாம் உறையிலிருந்து வெளியே வந்து, வெள்ளைத் துணியில் வரிசையாக, பந்திக்கு உட்கார்ந்ததுபோல் இருந்தன. ஒவ்வொன்றிலும் சந்தனம். அதன்மேல் குங்குமம். அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு மனநிறைவோடு நின்றார்.

“அண்ணி... உறைய ஏன் எடுத்தீங்க?”

“பிளாஸ்டிக்குக்கா பொட்டு வைப்பாங்க?”

“தராசுக்கு வச்சா போதும்லா அண்ணி.”

“தராசா ஒனக்குச் சோறு போடுது? காசுதானே ஒனக்கு ஆயுதம். நான் மீன்வெட்டுற கத்திக்கும் வைப்பேன், ஐஸ்பெட்டிக்கும் வைப்பேன், பெரிய வஞ்சிர மீனு இருந்தா அது நெத்திலயும் வைப்பேன்.”

மற்ற வீடுகளில் இது வெறும் பூஜை. நாணயக் கடையில் இது பேரிடர். பழைய நாணயத்தைத் தொடலாம், தேய்க்கக் கூடாது. தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும், மதிப்பு போய்விடும். என் கணவர் உள்ளே வந்து பார்த்து, “அலாமாக்!” என்று மலாயில் அலறினார். அண்ணி முகம் லேசாக வாடியது.

“என்னடா? புளி போட்டுத் தேச்சா பளபளன்னு வந்துரும். குத்துவெளக்கெல்லாம் வருதுல்ல?”

“அக்கா, ப்ளீஸ். புளி மட்டும் வேணாம்.”

என் கணவர் ஓடிப்போய் மோட்டார் பட்டறையில் பேட்டரித் தண்ணீர் வாங்கி வந்தார். காய்ச்சி வடித்த நீர் அது, சாதாரணத் தண்ணீரைவிட நல்லது. மங்குக் கிண்ணங்களில் ஊற்றி ஒவ்வொரு நாணயமாக நனைத்து எடுத்தோம். அண்ணியும் உட்கார்ந்து உதவினார், மீன் அலசுகிற லாவகத்தோடு. எல்லாக் காசிலும் பொட்டு போய்விட்டது, ராணியைத் தவிர. சந்தனம் கரைந்தது. சிவப்பு மட்டும் நெற்றியிலேயே இறங்கி உட்கார்ந்துகொண்டது. கணவர் பழைய பல்துலக்கி ஒன்றை எடுத்தார். நான் நாணயத்தை இழுத்துக்கொண்டேன். எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒரே விஷயம் தேய்க்கக் கூடாது என்பதுதான். மற்ற எல்லாவற்றிலும் எனக்குச் சந்தேகம் உண்டு.

கண்காட்சிகளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களோ என்னவோ. பேரங்காடியின் கீழ்த்தளத்தில் நீலத் துணி போர்த்திய மேசைகள், ஒவ்வொன்றிலும் ஒரு குட்டி விளக்கு, குனிந்த தலைகள். சத்தம் குறைவு. விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். கால்குலேட்டரில் ஓர் எண்ணைத் தட்டி உங்கள் பக்கம் திருப்புவார்கள். நீங்கள் அழித்துவிட்டு வேறோர் எண் தட்டித் திருப்புவீர்கள். ஒரு சண்டையும் ஒரு சமாதானமும் அந்தச் சின்னத் திரையிலேயே முடிந்துவிடும். எனக்கு அது பிடிக்கும். குரல் நடுங்குவது யாருக்கும் தெரியாது.

லியோங் அங்கிள் முதல் ஆளாக வந்தார். நான் மலாயிலும் ஆங்கிலத்திலும் தயார் செய்து வைத்திருந்த விளக்கமெல்லாம் மறந்துபோனது. நாணயத்தை நீட்டினேன். பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தார். முதலில் அவர் தோள்கள் குலுங்கின. பிறகுதான் சிரிப்புச் சத்தம் வந்தது.

“என்னா தங்கச்சி, ராணி தைப்பூசத்துக்குப் போயிட்டு வந்தாங்களா?”

பக்கத்து மேசைக்காரர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். கன்டோனீஸ் சிரிப்பு, மலாய்ச் சிரிப்பு. என் காது சூடாகிவிட்டது. பின்னால் கணவர் காசுப் பெட்டியைத் தேவையில்லாமல் பூட்டித் திறந்துகொண்டிருந்தார். கமுந்திங் அறைக்கு எந்த நிறத்தில் திரைச்சீலை போடலாம் என்றுகூட யோசித்துவிட்டேன்.

அங்கிள் கால்குலேட்டரை எடுத்து, பேசிய அதே விலையைத் தட்டித் திருப்பினார். “பொட்ட அழிச்சிட்டுக் குடு. இதுதான் வெல.”

நான் அழி பொத்தானை அழுத்தினேன். “தேய்க்க மாட்டேன் அங்கிள். தேச்சா கீறல் விழும்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “சரியான ஆளு நீ” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பாராட்டா, கிண்டலா என்று அன்றைக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது.

தீபாவளிக்கு முந்தைய வாரங்கள் அவை. பேரங்காடி முழுக்க நம் ஆட்கள், கையில் பைகளோடு. அவர்கள் இந்த மேசைகளைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, யாரோ பணக்காரர்களின் விளையாட்டு என்று. ஆனால் ஓர் அக்கா சட்டென்று நின்றார்.

“ஏய், இங்க பாருடி! வெள்ளக்கார ராணி பொட்டு வச்சிருக்கா!”

“ஐயோ, நம்ம மூக்காயி அத்த மாரியே இருக்குலா!”

அப்புறம் கூட்டம்தான். கைப்பேசியில் படம் எடுத்தார்கள். “பூ வைக்கலியா தங்கச்சி?” என்றார் ஒருவர். சிரித்து முடித்ததும் ஒவ்வொருவரும் ஏறக்குறைய ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: “எங்க வீட்லயும் இந்த மாரி கெடக்கு, பால்டின்ல.” ஊரும் தொலைபேசி எண்ணும் கொடுத்தார்கள். எந்த வியாபாரியும் நுழையாத வீடுகள் அவை. இரண்டு நாளும் சதுரக் காசு வாங்காமல் போன பிள்ளைகள் குறைவு. ஞாயிற்றுக்கிழமை மேசையைப் பிரிக்கும்போது என் கணவர், “நான் நாளைக்கு மேனேஜருகிட்ட பேசிடுறேன்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் விளக்கின் வயரைச் சுற்றிக்கொண்டே அழுதேன்.

விற்கவே விற்காத ஒரு பொருள் எங்கள் கடையைக் காப்பாற்றியது. கணக்கியலில் இதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று எனக்குச் சொல்லித்தரவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ கண்காட்சிகள். எங்கே பார்த்தாலும் லியோங் அங்கிளின் முதல் கேள்வி, “ராணி சௌக்கியமா?” மகள் பிறந்த பிறகு மேசைக்கு அடியில், துணி மறைவில், தலையணை போட்டுத் தூங்க வைப்பேன். வியாபாரத்தின் நடுவே அடிக்கடி குனிந்து அவள் மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். “வருது, வருது, நான் பாத்தேன்” என்பார் அங்கிள்.

பிறகு ஊரடங்கு வந்தது. மேசைகள் போயின. தையல்காரரும் இடத்தை விட்டார். அங்கே இப்போது குளிர்ச்சியாக ஏதோ விற்கிறார்கள். இன்றைக்கு எல்லாம் கைப்பேசியில். நேரலை போட்டு நாணயத்தைக் காட்டினால், யாரோ எங்கிருந்தோ எண் அனுப்புகிறார்கள். கெட்டியான பிளாஸ்டிக்கில் முத்திரை வைத்து வரும் நாணயங்களுக்குத்தான் மதிப்பு. யாரும் திறப்பதில்லை, மோந்து பார்ப்பதில்லை. வியாபாரம் மோசமில்லை. ஆனால் கால்குலேட்டரை யாரும் என் பக்கம் திருப்புவதில்லை. நேரலையில் என் குரல் நடுங்குவது எல்லாருக்கும் கேட்கிறது.

போன வாரம் அங்கிள் கூப்பிட்டார். மகனோடு மெல்பர்ன் போகிறாராம், ஒரேயடியாக. சேர்த்ததையெல்லாம் விற்றுவிட்டார்.

“ஒண்ணே ஒண்ணு கொண்டு போறேன் தங்கச்சி. ராணியக் குடு. அன்னிக்குப் பேசுன வெலைக்கு மேலயே போட்டுத் தாரேன்.”

“பொட்டோடவா அங்கிள்?”

“பொட்டு இல்லாட்டி எனக்கு எதுக்கு? மத்ததெல்லாம் புக்ல இருக்கு. இது புக்ல இல்லலா.”

சனிக்கிழமை வருகிறார். கணவரைக் கேட்டேன். “ஒன் இஷ்டம்” என்றார். எங்கள் வீட்டில் அது உதவியே இல்லாத பதில். கடை வளர்ந்தது ராணியால் என்பதால் அண்ணி தடுப்பார் என்று நம்பி ஹுத்தான் மெலிந்தாங்குக்குப் போன் போட்டேன். “பொட்டு வச்ச மீன மறுநாளே வித்துருவேன் நானு. வச்சிருந்தா நாறிடும்லா” என்றார். மகள் மட்டும் உறுதியாக இருக்கிறாள். குளித்துவிட்டு வந்து, தனக்கு ஒட்டுப்பொட்டு வைக்கும்போது, “ஆன்ட்டிக்கும் புதுசு வைம்மா” என்கிறாள்.

அங்கிளுக்குக் கொடுத்த வாக்கு முதலில் வந்தது. மகள் பிறகு வந்தவள். ஆனால் அவளுக்கு அந்த மேசை, அந்தத் துணி மறைவு எதுவுமே நினைவில்லை. இந்தப் பொட்டு ஒன்றுதான் அவள் தொட்டுப் பார்க்கக்கூடியதாக மிச்சம். அங்கிளுக்கோ, மெல்பர்னில் “ராணி சௌக்கியமா” என்று யாரிடம் போய்க் கேட்பார்?

படித்துக்கொண்டிருக்கும் நீங்கள் எனக்கு ஒரு யோசனை சொல்லுங்கள். கடை வைத்தவர்களாக இருந்தாலும் சரி, பிள்ளை வளர்ப்பவர்களாக இருந்தாலும் சரி. சனிக்கிழமை வாசலில் அவர் வந்து நிற்கும்போது நான் யார் கையில் கொடுக்கட்டும்? தயவுசெய்து வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள். இரண்டு முறை யோசிக்க எனக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும்.